தொடுதோலிலிருந்து ஹவாய் வரை: கம்பம் பள்ளத்தாக்கில் செருப்பும் சாதியும்

போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களில் விடியும் முன்பே ஜீப்புகள் நிரம்பிவிடுகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். அவர்களுள் பெரும்பகுதியினர் பெண்கள். தலித் பெண்கள் கணிசமானோர். அவர்களில் பலருடைய கால்களில் இருப்பது ரப்பர்ச் செருப்பு. மேலே வெள்ளை, அடியில் நீலம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே நுழையும் ஒரு வார். ஊரார் அதை ஹவாய் செருப்பு என்கிறார்கள்.

உலகில் மிக அதிகமான மனிதர் அணியும் எளிய காலணி வடிவங்களுள் இது ஒன்று. இதன் வரலாற்றை எழுதுவோர் ஜப்பானிய வைக்கோல் செருப்பில் தொடங்கிப் பிரேசில் நாட்டுக் கடற்கரையில் முடிப்பது வழக்கம். தமிழ்நாட்டில், குறிப்பாகத் தேனி, மதுரை மாவட்டங்களில், இதற்கு இன்னொரு வரலாறு உண்டு. இங்கே செருப்பைத் தைத்தவர் ஒரு சாதியினர். அதை அணிந்து ஊர்த்தெருவில் நடக்கும் உரிமை அந்தச் சாதிக்கும் பிற ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் மறுக்கப்பட்டிருந்தது. மலைக்கு அப்பாலிருந்து வந்த மலிவான ரப்பர்ச் செருப்பு, தைப்பவரின் தொழிலை எடுத்துக்கொண்டது. அதே வேளை அவர் காலுக்கும் ஒரு செருப்பைக் கொடுத்தது. ஆனால் தடையை அதனால் நீக்க முடியவில்லை. ஏன் என்பதை இக்கட்டுரையில் வரிசையாகப் பார்க்கிறோம்.

தோலும் தொழிலும்

செருப்பு தமிழகத்திற்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் காலணியைக் குறிக்கத் 'தொடுதோல்' என்னும் சொல் வழங்குகிறது. தொடு என்பது அணிதலையும், தோல் அது செய்யப்பட்ட பொருளையும் காட்டுகிறது. நெடுந்தொலைவு நடப்போர், காட்டுவழி செல்வோர் ஆகியோரின் காலில் அது இருந்தது. பிற்காலத்தில் மிதியடி, பாதரட்சை, காலணி எனச் சொற்கள் பெருகின. மரத்தில் செய்த குமிழ் வைத்த பாதுகை துறவியருக்கும் கோயிலுக்கும் உரியதாயிற்று. தோலில் செய்தது உழைப்போருக்கும் உடைமையாளருக்கும் உரியதாக இருந்தது. வணங்குவதற்குரிய பாதுகையும் தொடுவதற்கே தீட்டான தோற்செருப்பும் ஒரே சமூகத்தில் அருகருகே இருந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

தென் மாவட்டங்களில் தோல் தொழில் அருந்ததியர் மீது சுமத்தப்பட்டிருந்தது. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் இவர்களுள் மிகுதி. சக்கிலியர், மாதாரி, பகடை எனப் பல பெயர்களால் இவர்கள் அழைக்கப்பட்டனர். அப்பெயர்களில் சில இன்றும் வசைச்சொற்களாகப் பயன்படுத்தப்படுகின்றன. இழிவுப் பெயரை நீக்கி அருந்ததியர் என்னும் பெயரை நிலைநாட்டும் முயற்சியில், 1920-களில் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக இருந்த எல்.சி. குருசாமியின் பங்கு பெரிது.

தோல் தொழில் என்றால் செருப்பு தைப்பது மட்டும் என்று இன்று பலர் எண்ணுகின்றனர். உழவுச் சமூகத்தில் அது மிகப் பரந்த தொழிலாக இருந்தது. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்ட பின் கம்பம் பள்ளத்தாக்கின் ஆற்றோர வயல்கள் இருபோக நிலங்களாயின. 14,707 ஏக்கர் இருபோகப் பாசனம் என்பது இப்பகுதி உழவர் இன்றும் சொல்லும் கணக்கு. ஆனால் ஆண்டிபட்டி, போடி, பெரியகுளம் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு ஆற்று நீர் எட்டவில்லை. அங்கே கிணறும் கமலையுமே பாசனம். மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். அந்தச் சாலின் அடியில் கட்டப்பட்ட நீண்ட தோல் குழாய்தான் நீரை வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோல் இல்லாமல் கமலை இல்லை. கமலை இல்லாமல் மேட்டு நிலத்தில் வெள்ளாமை இல்லை.

அத்தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர். செத்த மாட்டை அகற்றுவது, தோலை உரிப்பது, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்குவது, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிடுவது, மாட்டுக்கு வார், கமலைக்குத் தோல், உழவனுக்குச் செருப்பு, திருவிழாவுக்குப் பறை எனத் தைப்பதும் கட்டுவதும், இவை அனைத்தும் அந்த உழைப்பில் அடங்கும். இதற்குக் கூலி காசாகக் கிடைப்பது குறைவு. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து போடும் தானியமே ஊதியம். அளவை முடிவு செய்பவர் நிலத்தின் உடைமையாளர்.

இத்தொழிலின் பொருளாதார எடையை ஆங்கிலேய அரசு நன்கு அறிந்திருந்தது. 1903-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் பொறியாளரின் முயற்சியில் சென்னை மாகாண அரசு குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியது. பட்டையில் பதனிட்ட தோல் நீரில் கிடந்து விரைவில் அழுகுகிறது, குரோம் தோல் கூடுதல் காலம் உழைக்கிறது என்பதால், கமலைத் தோல் அச்சோதனையின் முக்கியப் பயன்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. செருப்பும் அங்கே செய்யப்பட்டது. நவீனத் தோல் தொழில் என்று நாம் பிற்காலத்தில் கண்டதன் தொடக்கம் சேரியின் தொழில்நுட்பத்தைத் தொட்டே எழுந்தது. அதன் முதலாளிகளாகச் சேரியினர் ஆகவில்லை.

தைத்தவர் அணியக் கூடாது

செருப்பைச் செய்தவர் அதை அணிந்து ஊருக்குள் வரக் கூடாது என்பது தென் மாவட்டங்களில் எழுதப்படாத சட்டம். ஒரு முறை அது எழுத்திலும் வந்தது. 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். இந்தியக் குடிமதிப்பு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தக் கூடாது. சட்டை போடக் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலாடை அணியவோ பூச்சூடவோ கூடாது என்று நீளும் அப்பட்டியலின் எட்டாவது தடை, ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது. அடுத்த ஆண்டில் இத்தடைகள் பதினொன்றாகப் பெருகின.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். இதில் உள்ள எதுவும் ஆடம்பரப் பொருள் என்பதற்காகத் தடுக்கப்படவில்லை. குடை தலையைக் காக்கிறது. செருப்பு காலைக் காக்கிறது. சட்டை உடலைக் காக்கிறது. வெயிலும் முள்ளும் யாரைத் தாக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. வெறுங்காலும் வெற்றுடம்பும் தொலைவிலிருந்தே சாதியை அடையாளம் காட்டும் சீருடையாகப் பயன்பட்டன. எதிரே வருபவரைப் பெயர் கேட்காமலே எடைபோட இது உதவியது.

இன்றைய தேனி மாவட்டம் 1996-ல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இப்புறமும் அப்புறமும் ஒரே உறவுமுறை, ஒரே சந்தை, ஒரே சாதிக் கட்டுமானம். ஊர்த்தெருவின் முனையில் செருப்பைக் கழற்றிக் கையிலோ கக்கத்திலோ வைத்துக்கொண்டு நடந்து, தெரு முடிந்ததும் அணிந்துகொள்ளும் வழக்கம் இவ்வட்டாரத்துத் தலித் குடும்பங்களின் நினைவில் பதிந்த ஒன்று. மிதிவண்டியிலிருந்து இறங்கித் தள்ளிச் செல்வதும், தோள்துண்டை இடுப்பில் கட்டுவதும் அதன் உடன்பிறப்புகள்.

வைக்கோலிலிருந்து ரப்பருக்கு

விரலிடையில் வார் நுழையும் செருப்பு உலகின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று. எகிப்தியக் கல்லறைகளில் பாப்பிரசுப் புல்லால் பின்னிய இத்தகைய செருப்புகள் கிடைத்திருக்கின்றன. இந்தியாவில் தோல், ஆப்பிரிக்காவில் பதனிடாத தோல், ஜப்பானில் நெல் வைக்கோல் என அந்தந்த மண்ணில் எது மலிவோ அதில் மக்கள் இதைச் செய்துகொண்டனர். ஜப்பானியர் இதனைச் 'சோரி' என்றனர்.

இவ்வடிவம் உலகமெங்கும் பரவ இரண்டு காரணங்கள். முதலாவது ரப்பர். மரத்திலிருந்து வடியும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-ல் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்று கண்டறிந்தார். 1844-ல் காப்புரிமை பெற்றார். காலணித் தொழிலில் ரப்பர் நிலைபெற்றது இதற்குப் பின்னரே. இரண்டாவது காரணம் இடப்பெயர்ச்சி. 1885 முதல் ஜப்பானியர் ஒப்பந்தக் கூலிகளாக ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களோடு சோரியும் கடல் கடந்தது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் தோட்டக் கூலிகளாகச் சென்ற அதே காலம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் ரப்பரில் செய்த சோரிகள் பெருமளவில் ஏற்றுமதியாயின. அமெரிக்கப் படையினரும் அவற்றைத் தாய்நாட்டுக்கு எடுத்துச் சென்றனர்.

1962-ல் பிரேசிலின் அல்பார்கட்டாஸ் நிறுவனம் சோரியை முன்மாதிரியாகக் கொண்டு 'ஹவாயானாஸ்' என்னும் செருப்பை வெளியிட்டது. போர்த்துக்கீசிய மொழியில் அச்சொல்லுக்கு ஹவாய்க்காரர் என்று பொருள். கால் படும் பரப்பில் நெல்மணி போன்ற சிறு புள்ளிகளை அந்நிறுவனம் பதித்தது. வைக்கோல் செருப்பின் நினைவு அது. வெள்ளைப் பரப்பும் நீல வாருமாக வந்த அந்தச் செருப்பைப் பல்லாண்டுகள் பிரேசிலின் ஏழைத் தொழிலாளரே அணிந்தனர். பின்னர்தான் பணம் படைத்தோரின் கடற்கரை நாகரிகமாக அது மாறியது.

இந்தியாவில் தொழிற்சாலைக் காலணியை ஊர்தோறும் கொண்டுசேர்த்ததில் பாட்டா நிறுவனம் முன்னோடி. 1894-ல் இன்றைய செக் குடியரசின் ஸ்லீன் நகரில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1931-ல் கல்கத்தாவுக்கு அருகே கொன்னகரில் தன் இந்தியப் பணியைத் தொடங்கியது; பின்னர் பாட்டாநகர் என்னும் தொழில் நகரையே எழுப்பியது. நீல வெள்ளை ஹவாய் செருப்பு இந்திய நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் கூலித் தொழிலாளரின் காலுக்கு இவ்வடிவம் பரவலாக வந்து சேர்ந்ததில் அண்டை மாநிலமான கேரளத்துக்குத் தனி இடமுண்டு.

மலைக்கு அப்பால் ஒரு தொழில்

இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902-ல் கேரளத்தின் தட்டேக்காட்டில், பெரியாற்றங்கரையில் அமைந்தது. முல்லைப் பெரியாறு அணை வழியாகத் தேனிக்கு நீர் தரும் அதே பெரியாறுதான் அது. 1947-ன் ரப்பர்ச் சட்டத்தின்படி அமைந்த ரப்பர் வாரியம் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. அதே கோட்டயத்தில் 1975-ல் பாரகன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1980-களில் கோழிக்கோட்டில் வி.கே.சி. உள்ளிட்ட நிறுவனங்கள் எழுந்தன. கச்சாப்பொருள் வீட்டு வாசலில் இருந்ததால் கேரளத்தின் ரப்பர்ச் செருப்பு மலிவாயிற்று. குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இறங்கும் சாலைகள் அதைத் தேனி, கம்பம், சின்னமனூர்க் கடைகளுக்கு எளிதில் கொண்டுவந்தன.

இச்செருப்பு செய்யும் முறை எளிது. ரப்பருடன் கந்தகம், நிரப்புப் பொருள்கள், வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருள் ஆகியவற்றை உருளைகளுக்கிடையே பிசைந்து தகடாக்குவர். அத்தகட்டைச் சூடான அழுத்து இயந்திரத்தில் வைப்பர். வெப்பத்தில் ரப்பர் இறுகும்போதே உள்ளே வாயு உருவாகும். இயந்திரத்தைத் திறந்தவுடன் தகடு எண்ணற்ற நுண்துளைகளுடன் உப்பி எழும். அதைக் குளிர வைத்து, பாத வடிவ வெட்டுக் கருவியால் வெட்டி, மூன்று துளையிட்டு, மூன்று குமிழ்கள் கொண்ட வாரைச் செருகினால் செருப்பு முடிந்தது. ஊசி வேண்டாம், நூல் வேண்டாம், குத்தூசியின் கைப்பழக்கமும் வேண்டாம்.

இந்த நுண்துளை ரப்பருக்கு மருத்துவத்திலும் பயன் உண்டு. தொழுநோயால் பாத உணர்ச்சி இழந்தோருக்கும், நீரிழிவால் பாதப் புண் வரும் நிலையில் உள்ளோருக்கும் காலின் எடையைப் பரவலாகத் தாங்கும் செருப்பு இப்பொருளில் செய்யப்படுகிறது. காலணி என்பது முதலில் ஒரு நலவாழ்வுப் பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உடலுக்குள் நுழைந்து குருதியை உறிஞ்சுகிறது. வயல்வெளியிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் பெண்களின் இரத்தசோகைக்கு அதுவும் ஒரு காரணம். செருப்பைத் தடுத்தவர்கள் தலித் உடலின் மானத்தோடு அதன் நலத்தையும் தடுத்தார்கள்.

எடுத்ததும் கொடுத்ததும்

ரப்பர்ச் செருப்பு வந்தபோது தோல் தொழிலாளர் மற்றொரு பக்கத்திலும் இழப்பைச் சந்தித்துக்கொண்டிருந்தனர். மின்சாரம் கிராமங்களுக்கு வந்தது. கிணறுகளில் மோட்டார் பொருத்தப்பட்டது. 1960-களுக்குப் பின் பம்புசெட்டுகள் பெருகப் பெருகக் கமலை கிணற்றுமேட்டிலேயே மக்கிப்போனது. கமலையோடு தோலும், தோலோடு களத்துமேட்டுத் தானியமும் போயின. எஞ்சியிருந்தது செருப்பு. அதையும் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது.

ஹவாய் செருப்பு தைக்கும் தொழிலாளிக்கு விட்டுவைத்தது வார் மாற்றும் வேலையை மட்டுமே. அறுந்த வாருக்குப் புதுவார் போடலாம். அதற்கும் காசில்லாதவர் குமிழின் அடியில் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டு மேலும் ஒரு மாதம் நடந்துவிடுவார். பேருந்து நிலைய ஓரத்திலும் சந்தை முனையிலும் குடைக்கடியில் அமர்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளியின் வருமானம் இவ்வளவில் சுருங்கியது.

தொழில் போனால் சாதித்தளை போய்விடும் என்று எதிர்பார்க்கலாம். நடந்தது வேறு. நிலமில்லாத, கல்வி மறுக்கப்பட்ட குடும்பங்கள் தோலிலிருந்து விடுபட்டபோது நகராட்சிகளும் பேரூராட்சிகளும் அவர்களுக்குத் துடைப்பத்தையும் சாக்கடையையும் காட்டின. தமிழ்நாட்டின் தூய்மைப் பணியில் அருந்ததியர் மிகையான பங்கில் இருப்பது தற்செயலன்று. மற்றவர்கள் ஏலத்தோட்டத்துக்கும், செங்கல் சூளைக்கும், கேரளக் கட்டட வேலைக்கும் போனார்கள். 2009-ல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியதன் பின்னணி இதுவே. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

இழப்பை மட்டும் எழுதினால் வரலாறு பாதியாகிவிடும். தோற்செருப்பு வாங்கக் காசும், அதை அணிந்தால் கேள்வி கேட்கும் ஊரும் இருந்த காலத்தில், மலிவான ரப்பர்ச் செருப்பு முதல் தடையை உடைத்தது. காசு இல்லை என்பதால் வெறுங்காலோடு இருந்த தலைமுறை அத்தோடு முடிந்தது. எல்லாச் சாதியின் காலிலும் ஒரே வடிவம், ஒரே நிறம். தொலைவிலிருந்து சாதியை அறியும் அடையாளங்களுள் ஒன்று மங்கியது. அதனால்தான் எரிச்சல் அடைந்தோரும் இருந்தனர்.

தடை செருப்பின் மீதன்று

2013 ஜூனில் உசிலம்பட்டிக்கு அருகே உள்ள வடுகபட்டியில், செருப்பு அணிந்து ஊர்த்தெருவில் நடந்த 11 வயதுத் தலித் சிறுவன் ஒருவன், அச்செருப்பைத் தலையில் சுமந்து செல்லுமாறு கட்டாயப்படுத்தப்பட்டான். பெரியகுளம் பக்கத்தில், பூண்டுச் சந்தைக்குப் பெயர்போன வடுகபட்டி வேறு. இது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் வந்துவிடும் தொலைவுதான். நாடெங்கும் செய்தியான இக்கொடுமை நடந்தது இருபத்தோராம் நூற்றாண்டில், ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு குழந்தைக்கு.

2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள ராஜாவூரில், கம்பள நாயக்கர் தெரு வழியாகச் சுமார் 60 தலித் மக்கள் செருப்பு அணிந்து நடந்தனர். தீண்டாமை ஒழிப்பு முன்னணி உள்ளிட்ட அமைப்புகளின் துணையோடு நடந்த அந்த நடை, தங்கள் நினைவு அறிந்த காலத்தில் முதல் முறை என்று அவ்வூர் அருந்ததியர் கூறினர். தெருவின் நீளம் சில நூறு மீட்டர். செருப்போடு நடப்பவர் சில மாதங்களில் இறந்துபோவர் என்னும் கதையும் அங்கே பரப்பப்பட்டிருந்தது. நடந்தவர்கள் அந்தக் கதையையும் சேர்த்தே மிதித்துச் சென்றார்கள்.

இவ்விரு நிகழ்வுகளிலும் செருப்பு என்ன பொருளால் ஆனது என்று எவரும் கேட்கவில்லை. தோல் தீட்டு என்பதால் தடுத்தோம் என்னும் பழைய விளக்கம் பொய்யென்று ரப்பர் காட்டிவிட்டது. ரப்பரில் மாட்டுத்தோல் இல்லை. செத்த உயிர் எதுவும் இல்லை. அதைத் தைத்த கையும் இல்லை. ஆயினும் தடை அப்படியே நின்றது. தடுக்கப்பட்டது பொருளைப் பற்றிய அருவருப்பினால் அன்று. நிமிர்ந்து, இருபுறமும் பார்த்து, இது என் தெருவும்தான் என்று நடக்கும் நடையே தடுக்கப்பட்டது.

சட்டம் சொல்வது

அரசமைப்பின் 17-ஆம் கூறு தீண்டாமையை ஒழித்தது. 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் பொது வழிகளைப் பயன்படுத்தத் தடுப்பதையும், அணிமணிகளை அணிவதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. 1976-ல் அதில் சேர்க்கப்பட்ட 7அ பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவரைத் துப்புரவு வேலை செய்யவோ, செத்த விலங்கை அகற்றவோ, தோல் உரிக்கவோ கட்டாயப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. தோல் தொழிலைச் சாதிக்கடமையாகச் சுமத்தும் வழக்கத்தை நேரடியாகச் சுட்டும் பிரிவு இது.

1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1) பிரிவில் செருப்பு இரண்டு இடங்களில் பெயர் சொல்லி வருகிறது. செருப்பு மாலை அணிவித்தல் ஒரு குற்றம். பொது இடங்களில் செருப்போ புத்தாடையோ அணிவதை, மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, திருமண ஊர்வலம் செல்வதைத் தடுப்பது மற்றொரு குற்றம். தண்டனை ஆறு மாதத்திற்குக் குறையாத, ஐந்தாண்டு வரையிலான சிறை, அத்துடன் அபராதம். 1930-ன் தடைப் பட்டியலையும் இப்பிரிவையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் நாடாளுமன்றம் அதே பட்டியலுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

களத்தில் பணியாற்றும் தோழர்களும் மாணவர்களும் மூன்று செய்திகளை நினைவிற்கொள்வது நலம். முதலாவது, செருப்பைக் கழற்றச் சொல்வது வெறும் 'ஊர் வழக்கம்' என்று காவல் நிலையத்தில் சொல்லப்பட்டால், சட்டத்தில் செருப்பு என்னும் சொல்லே இருப்பதை எடுத்துக்காட்டலாம். இரண்டாவது, இச்சட்டத்தின் கீழான வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும். மூன்றாவது, கடமையை வேண்டுமென்றே தவறும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் மீது 4-ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்க முடியும். அடிக்கவில்லை, திட்டவில்லை, 'சும்மா கழற்றச் சொன்னார்கள்' என்பதால் புகாரே இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப இயலாது.

வடிவத்தின் பெயர், உழைப்பின் பங்கு

2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பில், கோலாப்பூர்ச் செருப்பை ஒத்த தோற்செருப்புகள் காட்சிக்கு வந்தன. எந்த ஊர், எந்த மக்கள் என்னும் குறிப்பு அதில் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே இந்தியக் கைவினை மரபிலிருந்து தூண்டுதல் பெற்றதை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. மகாராட்டிரத்தில் நான்கு, கருநாடகத்தில் நான்கு என எட்டு மாவட்டங்கள் அதில் அடங்கும். அச்செருப்பைத் தலைமுறைகளாகச் செய்துவருவோர் பெரும்பாலும் தலித் தோல் தொழிலாளர். குறியீடு இருந்ததால்தான் அவர்களால் உலக நிறுவனம் ஒன்றின் முன் நின்று கேள்வி எழுப்ப முடிந்தது.

தேனி, மதுரை வட்டாரத்து உழவர் அணிந்த கனத்த தோற்செருப்புக்கு அப்படியொரு பெயரில்லை. அதை வடிவமைத்த கைகளுக்கும் பெயரில்லை. ஆவாரம்பட்டைப் பதனீடு, கமலைத் தோலின் தையல், உழவுச் செருப்பின் அடுக்குத் தளம் ஆகியவை பற்றி அறிந்த கடைசித் தலைமுறை முதுமையில் இருக்கிறது. இந்த அறிவைப் பதிவு செய்வது, அத்தொழிலுக்குப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்காக அன்று. எந்தத் தலித் குழந்தையும் பிறப்பின் பெயரால் குத்தூசியைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவைக் கொடுத்தவர் பெயர் வரலாற்றில் எழுதப்பட வேண்டும். கல்லூரி மாணவர் தத்தம் ஊர்ப் பாட்டி தாத்தாவிடம் ஒரு மாலை அமர்ந்து கேட்டு எழுதினாலே இப்பணி தொடங்கிவிடும்.

இனி வருவதைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022-ல் காலணி, தோல் பொருட்களுக்கான தனிக் கொள்கையை வெளியிட்டது. தோலில்லாக் காலணித் தொழிற்சாலைகள் பெரம்பலூர் முதலிய மாவட்டங்களில் வருகின்றன. உலகப் புகழ்பெற்ற செருப்புகள் இங்கே செய்யப்பட்டுக் கப்பலேறும். அவற்றில் வேலை எவருக்கு, மேற்பார்வை எவருக்கு, துணை ஒப்பந்தமும் முதலீட்டுக் கடனும் எவருக்கு என்பதைச் சமூகநீதி இயக்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். தோல் தீட்டாக இருந்தவரை அது ஒரு சாதியின் தலையில் இருந்தது. தோல் தொழில் இலாபமாக மாறியதும் வேறு கைகளுக்குப் போயிற்று. ரப்பரிலும் அதுவே நடந்தால் அதைச் சந்தை இயல்பு என்று ஏற்றுக்கொள்ள நமக்குக் காரணமில்லை.

மாலையில் ஜீப்புகள் மலையிறங்குகின்றன. அட்டைக் கடியும் ஏலக்காட்டுச் சேறும் படிந்த கால்களோடு பெண்கள் இறங்கி, செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு வீடு நோக்கி நடக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தெருமுனையில் குனிந்து அதைக் கழற்ற நேராத ஊர்கள் எத்தனை, நேரும் ஊர்கள் எத்தனை என்று கணக்கெடுப்பது அரசின் கடமை. அது செய்யாத வரை அந்தக் கணக்கை எடுப்பது நம் கடமை.